ஒரு பஸ் நிறைய பிரஷர்

அடுத்தவர் கையைப் பிடித்துப் பிழைக்கும் தொழில்கள் எனக்குத் தெரிந்து இரண்டு: ஒன்று கைரேகை ஜோசியம், இன்னொன்று நான் பார்ப்பது. ஜோசியர் நாலு நல்ல வார்த்தை சொன்னால் வந்தவர் சிரித்துக்கொண்டே போவார். நான் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, உள்ளதை உள்ளபடி சொன்னால் என்னைத்தான் முறைப்பார்கள். துபாய் சோனாப்பூரில் எங்கள் கட்டுமானக் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப் வாசலிலேயே இருக்கும் சின்ன கிளினிக்கில் நான் நர்ஸ். கேம்ப் முழுக்க என்னைக் கூப்பிடுவது ‘பிரதர்’ என்று.

கேம்பில் பாதி நம் ராமநாதபுரம், புதுக்கோட்டை ஆட்கள். மீதிப் பாதியில் பெரும்பாலோர் கானா, நைஜீரியா, உகாண்டா. எங்கள் டாக்டர் ஹனானும் ஆப்பிரிக்காதான், சூடான்காரர். “எங்க கண்டத்து ஆளுங்களுக்கு இது சின்ன வயசுலயே வருது, சத்தமில்லாம வருது. உங்க ஊர் ஆளுங்களும் சளைச்சவங்க இல்ல” என்று ரத்த அழுத்தத்தைப் பற்றி அடிக்கடி சொல்வார். ஆஸ்பத்திரியிலோ லேபிலோ மருந்துக் கடையிலோ நின்று, ‘ஒண்ணுமில்லைன்னு மட்டும் சொல்லிருங்க’ என்ற கெஞ்சலைக் கேட்டுக் காது புளித்த என் சக பாவப்பட்ட ஜென்மங்களே, இதெல்லாம் உங்களுக்குத்தான் புரியும்.

கொஞ்ச நேரம் வாயை மூடுங்கள்

பிரஷர் பார்ப்பதற்கு முன் ஆள் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். பேசக் கூடாது, காலை ஆட்டக் கூடாது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! எங்கள் ஆட்கள் பஸ்ஸிலிருந்து குதித்து, எதிர்க் கடையில் சாயா குடித்து, ஒரு சிகரெட்டையும் முடித்துவிட்டு, மூச்சிரைக்க வந்து கையை நீட்டுவார்கள். உட்காரச் சொன்னால் அப்போதுதான் ஊரிலிருந்து போன் வரும். மச்சினன் கல்யாணத் தகராறு முழுவதும் என் மேஜையிலேயே ஸ்பீக்கரில் ஓடும். அந்த நிலையில் பார்த்தால் எறும்புக்குக்கூட பிரஷர் இருக்கும்.

இதில் கம்பி கட்டும் செல்லையா அண்ணன் தனி ரகம். ராமநாதபுரத்துக்காரர். தினமும் யாரையாவது கூட்டிக்கொண்டு வருவார், பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார், எண்ணைக் கேட்டு உச்சுக் கொட்டுவார். தன் கையை மட்டும் நீட்ட மாட்டார். ஒருநாள் நான் பட்டையோடு நெருங்கியதும் எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டு சொன்னார்: “ஒல்லிக்குச்சி உடம்பு தம்பி இது. இதுக்குள்ள பிரஷர் வந்து எங்குட்டு உக்காரும்?”

கைக்கு எட்டாத பட்டை

குவாமே எங்கள் கம்பெனி பஸ் டிரைவர், கானா நாட்டுக்காரர். நம் ஆட்களை விடிகாலையில் சைட்டில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் அழைத்து வருபவர். தாமதமாக ஓடி வருபவனை விட்டுவிட்டுப் போகவே மாட்டார். கடைசி ஆள் ஏறியதும், பஸ்ஸில் நம்மவர்கள் சொல்லிக்கொடுத்தபடி ‘போலாம் ரைட்’ என்று அவர் குரல் கொடுத்தால் கேம்பே விழித்துக்கொள்ளும். எல்லோருக்கும் அவர் குவாமே அண்ணன். அவருக்கும் எல்லோரும் அண்ணன்தான்.

ஒருநாள் தலைவலி மாத்திரை கேட்டு வந்தார். நான் சும்மா இருக்காமல் பட்டையைச் சுற்றினேன். அந்தக் கைக்கு அது எட்டவில்லை. எப்படியோ இழுத்து ஒட்டிக் காற்றடித்தால், பாதியிலேயே ‘டர்’ரென்று பிரிந்துகொண்டது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி அடித்ததில் எண் இருநூறைத் தாண்டியது. சின்னப் பட்டையில் பார்த்தால் பிரஷர் கூட்டித்தான் காட்டும் என்று டாக்டர் ஹனான் வேறொரு கிளினிக்கிலிருந்து பெரிய பட்டை வரவழைத்தார். அது வந்ததும் எனக்குப் புதுச் சைக்கிள் வாங்கின குஷி. எப்படியும் எண் இறங்கிவிடும் என்று ஆசையோடு சுற்றினேன். இறங்கியது, ஆனால் நூற்று எண்பதைத் தாண்டி நின்றது. டாக்டர் இன்னொரு தடவை பார்த்தார், மறுநாளும் பார்த்தார். அதேதான்.

மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “இது இறங்குற வரைக்கும் பஸ் ஓட்டக் கூடாது” என்றார். கேம்ப் மேனேஜர் இன்னும் ஒரு படி மேலே போனார். அடுத்த மாதக் கடைசிக்குள் டாக்டர் சரி என்று சொல்லாவிட்டால் வேறு டிரைவர் நிரந்தரம், குவாமேக்கு ஊருக்கு டிக்கெட். அதுவரை பஸ் கழுவும் வேலை. நான் சமாதானம் சொல்லப் போனேன். குவாமே வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஊர்ல என் கூடப்பொறந்த அண்ணனும் தலைவலின்னுதான் படுத்தான், பிரதர். அன்னையிலேருந்து அவன் கை அவன் பேச்சைக் கேக்கிறதில்ல.”

ரூமுக்கே ஒரு மாத்திரை

அடுத்த வாரம் குவாமே வந்தார். எண் அசையவில்லை. “மாத்திரை?” என்றேன். “தீந்துபோச்சு” என்றார். மாதம் முழுவதற்கும் கொடுத்தது எப்படித் தீரும்? எனக்குக் கோபம் சுருக்கென்று வரும், வந்தது. குடைந்து குடைந்து கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. ரூமில் ஒருவனுக்குக் கழுத்து வலி, அவனுக்குத் தினம் ஒன்று. இன்னொருவனுக்குத் தலை சுற்றல், அவனுக்கும் தினம் ஒன்று. மற்றவர்களுக்குக் கேட்டபோதெல்லாம் ஒன்று. ‘டாக்டர் எழுதின நல்ல மாத்திரை’ என்று பந்தி பரிமாறியிருக்கிறார். நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள்.

டாக்டர் ஹனான் சத்தம் போடவில்லை. “அந்த ரூம் ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வா” என்றார். வந்தார்கள், இரண்டு பட்டைகளோடும் நான் காத்திருந்தேன். கழுத்து வலிக்காரருக்கும் தலை சுற்றல்காரருக்கும் நிஜமாகவே பிரஷர்! யாரும் கேட்காமலே இரண்டு பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார் மனிதர். எனக்குக் கோபம் போய், அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆளுக்கு ஒரு அட்டை, அவரவர் மாத்திரை அவரவருக்கு என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். சத்தியம் செய்துவிட்டுக் குவாமே முனகினார்: “சோத்தை ஒளிச்சுத் தின்னா பாவம்னு எங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க. மாத்திரையைப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லலையே.”

ஞாயிறு விடுமுறை

எண் கொஞ்சம் இறங்கியது. திங்கட்கிழமை பார்த்தால் மறுபடி ஏறி நின்றது. மறு திங்களும் அதே கதை. செவ்வாய், புதன் நன்றாக இருக்கும் ஆளுக்குத் திங்கள் மட்டும் என்ன வந்தது என்று எனக்கு மண்டை காய்ந்தது. டாக்டர் ஹனான் மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கான மாத்திரைகள் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தன. குவாமே கொஞ்சமும் வெட்கப்படாமல் விளக்கினார்: “சண்டே எனக்கு லீவு, டாக்டர். நான் சர்ச்சுக்குப் போறேன், அதுவும் ரெஸ்ட் எடுக்கட்டுமே.”

உப்பே போடாத குழம்பு

ஞாயிறும் விழுங்க ஆரம்பித்தார். டாக்டர் இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார். இறங்கியது, ஆனால் போதவில்லை. மாதக் கடைசி நெருங்குகிறது. பஸ்ஸில் வந்த மாற்று டிரைவரோ, ஒரு கால் படியில் இருக்கும்போதே வண்டியை எடுக்கிற பேர்வழி. நம் ஆட்கள் தினமும் கிளினிக் வாசலில் நின்று, மேட்ச் ஸ்கோர் கேட்பது போல, “குவாமே அண்ணன் இன்னைக்கு எவ்வளவு?” என்று கேட்பார்கள். நானும் அவர் அனுமதியோடு வாசலுக்கு வந்து அறிவிப்பேன். இறங்கினால் கைதட்டு, ஏறினால் “ச்சே!”

“உப்பு?” என்று டாக்டர் கேட்டால், குவாமே நெஞ்சில் கை வைத்து, “ஒரு கல் உப்புப் போடறதில்ல” என்பார். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவராகவும் தெரியவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் கேம்ப் பொதுச் சமையலறைக்கே போய்விட்டேன். குவாமே ஒரு பெரிய அண்டாவில் நிலக்கடலை அரைத்து ஊற்றிய குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குழைய வேகவைத்துப் பிடித்த சோற்று உருண்டைகள். என்னைக் கண்டதும் உற்சாகமாக அலமாரியைத் திறந்து காட்டினார். உப்பு டப்பாவே இல்லை! பாராட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வெள்ளித் தாளில் சுற்றிய சூப்புக் கட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக உரித்துக் குழம்பில் போட ஆரம்பித்தார். “ருசிக்கு” என்றார். அந்தக் கட்டியில் பாதி உப்புதான் என்று நான் அலறி முடிப்பதற்குள் செல்லையா அண்ணன் ஒரு பொட்டலத்தோடு உள்ளே வந்தார்.

பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. கருவாடு. குவாமேயின் ஊரிலும் உப்பிட்டுக் காயவைத்த மீன் போடாமல் குழம்பு இறங்காதாம். பஸ் கழுவ அனுப்பிவிட்டார்களே என்று மனிதர் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, லீவில் போனபோது ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டை அண்ணன் வாராவாரம் பாசத்தோடு கொடுத்துக்கொண்டிருக்கிறார். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். எந்த மனிதர் பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும் என்று கேம்பே தவம் கிடக்கிறதோ, அவருக்கு அவருடைய மிகப் பெரிய ரசிகரே கருவாடு ஊட்டுகிறார்! “கடலையே பொட்டலம் கட்டிக் கொண்டாந்திருக்கீங்களேண்ணே” என்று நான் கத்தினேன். அண்ணன் நிதானமாகப் பொட்டலத்தை மடித்தபடி கேட்டார்: “அது மீன்ல இருக்கிற உப்பு தம்பி. நாம போட்டதா?”

சிவப்புத் தண்ணீர்

இங்கத்து அரபியில் சொன்னால், அன்றோடு கருவாடு ‘கலாஸ்’, முடிந்தது. சூப்புக் கட்டிக்கும் தடை. இஞ்சி, வெங்காயம், எலுமிச்சை, காரத்துக்குக் கொச்சி மிளகாய் என்று குழம்பு மாறியது. முதல் வாரம் குவாமே சாப்பிடும்போது முகத்தைப் பார்த்தால் தண்டனைக் கைதி போல இருந்தது. பிறகு நாக்கு வழிக்கு வந்துவிட்டது. சாயங்காலம் கேம்ப் மதிலை ஒட்டி நடக்கச் சொன்னார் டாக்டர். தனியாக நடக்க அலுப்பாக இருக்கிறது என்றதும் பஸ் ஆட்கள் ஒரு கூட்டமாகக் கூடவே நடக்க ஆரம்பித்தார்கள். வாட்ச்மேன் ஊர்வலம் என்று நினைத்து மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டார்.

குவாமே ஒருநாள் பாட்டில் நிறைய சிவப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். புளிச்ச கீரைச் செடி மாதிரி ஒன்றின் காய்ந்த பூவிதழைக் கொதிக்கவைத்த தண்ணீர். எங்கள் நாட்டுப் பானம் என்றார் அவர். இல்லை, சூடானுடையது என்று டாக்டர் ஹனான் பாய்ந்தார். ஒரு கண்டத்துச் சண்டைக்கு நடுவில் நான் இரண்டு டம்ளர் குடித்து முடித்தேன். கடைசியில் குவாமே தன் மனதில் இருந்ததைக் கேட்டார்: பிரஷருக்கு நல்லது என்கிறார்களே, மாத்திரையை விட்டுவிட்டு இதையே குடிக்கலாமா? டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார்: “சக்கரை போடாம தாராளமா குடி. மாத்திரையை உள்ள தள்ளுறதுக்கு மட்டும் குடி.”

மாதக் கடைசி

அந்த நாளும் வந்தது. சைட்டிலிருந்து வந்த பஸ் கூட்டம் ரூமுக்குப் போகவில்லை. அழுக்குச் சட்டையும் தலைக்கவசமுமாக அப்படியே கிளினிக் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. மேனேஜரும் வந்து நின்றார். உள்ளே குவாமே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் பெரிய பட்டையைச் சுற்றினேன். இத்தனை வருஷ சர்வீஸில் எத்தனை கைகள் பார்த்திருக்கிறேன், அன்றுதான் பட்டையைத் தலைகீழாகச் சுற்றிவிட்டிருந்தேன். அதைக் கவனித்த டாக்டர், “நீ தள்ளிக்கோ” என்று அவரே உட்கார்ந்தார். ஒரு தடவை பார்த்தார். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு என் பிரஷர் காதுக்குள் கேட்டது.

அளவுக்குள் இருந்தது! இரண்டு தடவையும்! நான் கதவைத் திறந்து கட்டை விரலைக் காட்டினேன். அவ்வளவுதான், விசிலும் கூச்சலும் தலைக்கவசம் வானத்தில் பறப்பதும். செல்லையா அண்ணன் உள்ளே ஓடி வந்து குவாமேயின் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். அத்தனை பெரிய மனிதர் பட்டையைக் கழற்றாமலே, அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் பட்டையைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். டாக்டர் ஹனான் கையெழுத்துப் போட்ட தாளை மேனேஜரிடம் கொடுத்துவிட்டுக் குவாமேயிடம் சொன்னார்: “ஸ்டியரிங் உன்னோடது. மாத்திரையும் உன்னோடதுதான், ரெண்டையும் விட்றாதே.”

கடைசி நிறுத்தம்

மறுநாள் சாயங்காலம் கிளினிக் வாசலில் நீளமான ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தேன். குவாமேயின் பஸ், கேம்ப் கேட்டுக்குப் போகாமல் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கதவு மூடியிருந்தது. உள்ளே நம் ஆட்கள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஜன்னல் வழியாகக் குவாமே தலையை நீட்டி, “பிரதர், மெஷினோட ஏறு. எல்லாரும் கை குடுத்தாத்தான் கதவு திறக்கும்” என்றார். “யாரும் பேசக் கூடாது, காலை ஆட்டக் கூடாது” என்று தமிழில் வேறு அதட்டினார். நம்ப மாட்டீர்கள், பஸ் அமைதியானது. வருஷக்கணக்கில் நான் கெஞ்சியும் கிடைக்காத அமைதி!

ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு போனேன். நல்ல எண்கள்தான் நிறைய. வந்தவரைக்கும் ஜோராக இருந்தது. கடைசி சீட்டில் செல்லையா அண்ணன், கையை மடியில் ஒளித்துவைத்துக்கொண்டு. “ஒல்லிக்குச்சி...” என்று ஆரம்பித்தார். குவாமே ஸ்டியரிங்கை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை மெதுவாக எடுத்து என்னிடம் கொடுத்தார். சின்னப் பட்டை தாராளமாகச் சுற்றிக்கொண்டது. எண்ணைப் பார்த்தேன். மறுபடி காற்றடித்துப் பார்த்தேன். குவாமேக்கு முதல் நாள் இருந்ததைவிட அதிகம்.

நான் எண்ணைச் சொல்லும் முன்பே என் முகம் சொல்லிவிட்டது. அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். “வீட்டுல சொல்லிராதீக தம்பி” என்றார் என்னிடம். அதே தட்டில் அதே கருவாட்டை அவரும்தானே தின்றார். பரிசோதனை என்று ஒன்று குவாமேக்கு வந்தது, அண்ணனுக்கு வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எவ்வளவு காலமாகப் பிரஷர் உள்ளே உட்கார்ந்திருந்ததோ! ஆனால் பிடித்துவிட்டோம்! அவர் கை அவர் பேச்சைக் கேட்கும்போதே பிடித்துவிட்டோம்! குவாமே கதவைத் திறந்தார், அண்ணனின் கையை விடாமலே டாக்டரிடம் அழைத்துப் போனார். படியிறங்கும்போது, தெரிந்த தமிழோடு அரபியையும் திரட்டிச் சொன்னார்: “பயம் மாஃபி, பயம் இல்ல, அண்ணா. கருவாடு கலாஸ். சண்டே மாத்திரை லீவு இல்ல. நான் கூட இருக்கேன், போலாம் ரைட்.”

இப்போது எங்கள் கிளினிக்கில் மாத்திரை எழுதுவது டாக்டர், எடுத்துக் கொடுப்பது நான், விழுங்க வைப்பது மட்டும் ஒரு பஸ் டிரைவர்.